இடப்பக்கத்துக் கிளை

கவாசாகி
1993 ஜனவரி 14

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிரில், விடிவதற்கு முன்னால், அக்கா வீட்டு மேட்டில் கேமரா முக்காலியோடு நின்றிருக்க முடியாது. பருவத்தைப் பற்றி இரண்டு வரி இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்பீர்கள். இங்கே குளிர்கிறது. எழுதிவிட்டேன்.

ஃபிலிம் சுருள்களைக் கழுவியாயிற்று, இந்தப் பார்சலிலேயே இருக்கின்றன. வெளிச்சக் கணக்கு சரி. அடிவானம் ஒரு முடி அளவுகூடச் சாயவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது விரலை நீட்டி "சிக்னல், சரி! கதவு, சரி!" என்று கத்துவீர்களே, அதே போல இப்போதும் "அடிவானம், சரி!" என்று கத்திவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறீர்களாம். அக்கா போனில் சொல்லிச் சிரித்தாள். அதெல்லாம் இருக்கட்டும், எல்லாச் சுருளிலும் அதே கஷிவா ஓக் மரம்தானா? ஓய்வு பெற்று நாடு முழுக்கச் சுற்றினீர்களே, அந்தப் படங்கள் எங்கே?

இந்த லேபில் சேர்ந்த பிறகு இயற்கைக் காட்சி என்றாலே எனக்கு ஆகாமல் போய்விட்டது. பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் சுருள்கள் மூட்டை மூட்டையாக என் கை வழியே போகின்றன. முதல் படத்தில் பிளம் பூக்கிளை இருக்கும். கடைசிப் படத்தில் அதே கிளை ஒடிந்து தொங்கும். அடுத்தவனுக்கு அந்தப் படம் கிடைத்துவிடக் கூடாதாம். கொக்கு பறக்கவில்லை என்று ஒருவன் பனியுருண்டை வீசியிருக்கிறான். உருண்டையும் படத்தில் விழுந்திருக்கிறது. அதைச் சேர்த்துப் பெரிதாக்கித் தரச் சொல்லிச் சீட்டு வேறு. உங்கள் புகைப்பட மன்றத்து ஆட்கள் எப்படியோ, நான் கேட்கப்போவதில்லை.

மன்றத்தின் ஜூன் கண்காட்சிக்கு உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களைத் தேர்ந்து எழுதுங்கள். பிரிண்ட் நான் போட்டுத் தருகிறேன். ஈரக் கையுறையோடு வெளியே நிற்காதீர்கள்.

தெய்ஜி


அசாஹிகாவா
ஜனவரி 29

அன்புள்ள தெய்ஜிக்கு,

கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்கள் காலை வெயிலில் ஒரு கணம் பொன்னாகி, நாம் பார்த்து முடிப்பதற்குள் மறுபடி வெளுத்துவிடும் காலம் இது. நீ சளியின்றி நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே குறையில்லை.

ஒன்பது படங்களைத் தேர்ந்துவிட்டேன். ரெபுன் தீவின் மூடுபனி இருக்கிறது; அந்தப் படத்தைக் கையில் எடுத்தாலே காயும் கடல்பாசியின் வாசனை எனக்கு வருகிறது. நோட்டோ கடற்கரைப் படிவயலும் உண்டு. உன் அம்மாவோடு கடைசியாகப் போன ஓஸே சதுப்பில் எடுத்த பலகைப் பாதையும் உண்டு. அதில் அவள் இல்லை. வெளிச்சம் போய்விடும் என்று அவளை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தேன்.

பத்தாவது, உன் அக்கா ஃபுசாயோ வீட்டு மேட்டு மரம். கண்காட்சி நடக்கும் கடன் சங்கக் கூடத்தில் நடுச்சுவர் அதற்குத்தான். பனியில் தனியாக, பழுப்பு இலைகளை உதிர்க்காமல் நிற்கும் அந்த மரத்தைப் போல நான் எதையும் நேசித்து எடுத்ததில்லை. ஆனால் இடப்பக்கம் தாழ்வாக ஒரு கிளை நீண்டு, ஊஞ்சலும் தொங்கி, படத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. மன்றத் தலைவர் ஹினாதாவும் பார்த்துவிட்டு என்னிடம், "மினோவா, மரம் ராஜா மாதிரி நிக்குது. ஆனா கக்கத்துல மூட்டை வெச்சிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரிண்ட் போடும்போது அந்தக் கிளையை மட்டும் நீக்கித் தர முடியுமா? உனக்குச் சிரமம் இல்லையென்றால் மட்டும்.

உடல்நலம் பேணு.

அப்பா


கவாசாகி
பிப்ரவரி 8

அப்பாவுக்கு,

நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள், ஹினாதாவை அல்ல.

கிளையை நீக்க முடியும். தூரிகையால் படத்தைத் திருத்துவதற்கென்றே இங்கே ஒரு மேசை இருக்கிறது. மின்கம்பம், குப்பைத்தொட்டி, பிடிக்காத மருமகள் எல்லாம் அங்கே காணாமல் போவார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். அது அக்கா மகள் மியோவின் ஊஞ்சல். அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டுக் கட்டியது. மரம் அப்படித்தான் இருக்கிறது. பிடித்தால் அப்படியே மாட்டுங்கள், பிடிக்காவிட்டால் வேறு மரத்தைப் பாருங்கள்.

ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்கு முன்னால் சரியாக இல்லாததை இங்கே உட்கார்ந்து நான் சரிசெய்ய மாட்டேன். சரியில்லை என்றால் அங்கேயே சரிசெய்துகொண்டு எடுங்கள்.

இங்கே பிளம் பூத்துவிட்டது. பருவம் கேட்பீர்களே, அதற்காக.

தெய்ஜி


மேட்டுப் பண்ணை
மார்ச் 5

தெய்ஜி,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் மூன்று பேரும் நலம். மியோவுக்கு மட்டும் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, கோபம்.

அவளுடைய ஊஞ்சல் கிளையை யாரோ ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள். பனி பாரத்தில் ஒடிந்தது இல்லை. வெட்டு, தட்டு மாதிரி வழவழப்பாக இருக்கிறது. கிளையை இழுத்துக்கொண்டு போய்ச் சரிவில் தள்ளியிருக்கிறார்கள்.

உனக்குத் தெரியாதது இல்லை, இங்கே குளிர்காலம் முழுக்க இதே கூத்துதான். படம் எடுக்கிறவர்கள் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பனிக்கு அடியில் கோதுமை முளைத்துக் கிடக்கிறது, அதன்மேல் நடக்கிறார்கள். எந்த ஊர் மண்ணோ ஒட்டிய பூட்ஸோடு விதைக்கிழங்கு நிலத்தில் ஏறுகிறார்கள். புழு வந்துவிட்டால் அந்த நிலத்தில் கிழங்கே போட முடியாது. கொட்டகைக்குப் பின்னால் மூத்திரம் பெய்துவிட்டுப் போகிறார்கள், பனியில் மஞ்சள் மஞ்சளாக. அதை யாரும் படம் எடுக்கவில்லை. போன வாரம் உன் அத்தான் இசாமு டிராக்டரில் வைக்கோல் கொண்டு போனபோது ஒருத்தன், "அண்ணே, கொஞ்சம் நகருங்க. டிராக்டர் படத்துல விழுது" என்றான்.

"இது என் நிலம்யா!"

"ஆமாங்க, அருமையான நிலம். அதான் நகருங்கன்றேன்."

இப்போது கிளையையும் பார்த்த பிறகு இசாமு அவர்களில் ஒருத்தன்தான் செய்தான் என்று முடிவு கட்டிவிட்டார். "மரம் இருந்தாத்தானே வருவானுங்க? பனி உருகட்டும், உழவுக்கு முன்னாடி சாய்ச்சிடுறேன்" என்கிறார். அவருடைய தாத்தா காடு திருத்தியபோது நிழலுக்கென்று விட்டுவைத்த மரம் அது. சொல்லிவிட்டு மேட்டுப் பக்கமே அவர் பார்க்கவில்லை. ஆனாலும் சாய்ப்பார். அவரை உனக்குத் தெரியும்.

அன்றைக்கு அப்பாவும் இங்கேதான் இருந்தார். விடிகாலையில் மேட்டுக்குப் போய்விட்டு வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். முழங்கால் வலியோ என்னவோ.

வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஃபுசாயோ


அசாஹிகாவா
மார்ச் 19

அன்புள்ள தெய்ஜிக்கு,

ஆற்றின் நடுவில் பனிப்பாளம் விரிசல் விட்டு, அந்தக் கறுப்புக் கோட்டில் முதல் வாத்துகள் இறங்கும் காலம். நீ சுகமா? நான் சுகம்.

ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன். மேட்டு மரம்தான். இந்த முறை அமைப்பு சரியாக வந்திருக்கும். நடுச்சுவருக்கு இதில் ஒன்றை நீயே தேர்ந்து பெரிதாக்கு. திருத்த எதுவும் இருக்காது.

அப்பா


கவாசாகி
மார்ச் 30

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

சுருளைக் கழுவினேன். முதல் படங்களில் கிளை இருக்கிறது. அடுத்ததில் இல்லை. நடுவில் பொழுது விடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் வரும் படக்காரர்கள் இருட்டில் வந்து அறுத்துவிட்டுப் போனார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் உங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுருளில் மிச்சம் இருந்தால் கழுவ அனுப்புவதற்கு முன்னால் எதையாவது அழுத்தித் தீர்த்துவிடுவீர்கள். கார் சக்கரம், சாப்பிட்டு முடித்த நூடுல்ஸ் கிண்ணம் என்று வருஷக்கணக்காக உங்கள் கடைசிப் படங்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். இந்த முறை கீழே குனிந்து அழுத்தியிருக்கிறீர்கள். பனியில் கிளை கிடக்கிறது. ஒற்றைக் கயிற்றில் ஊஞ்சல் பலகை. பக்கத்தில் மடக்கு ரம்பம். ஓரத்தில், ரயில்வேயில் கொடுத்த உங்கள் பூட்ஸின் மூக்கு.

வெளிச்சக் கணக்கு துல்லியம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். "கிளை, சரி!" என்று விரல் நீட்டினீர்களா?

நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் சுருள்களைக் கழுவிக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கடை நம் வீட்டிலிருந்தே வருகிறது என்று தெரியாமல்.

அத்தான் மரத்தைச் சாய்க்கப்போகிறார், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் தண்டிப்பது பஸ்காரர்களை. பனி உருகுவதற்குள் போய் உண்மையைச் சொல்லுங்கள். மரமாவது மிஞ்சும். அதுவரை எந்தப் பிரிண்டும் கிடையாது.

தெய்ஜி


கவாசாகி
ஏப்ரல் 11

அக்கா,

நான் நலம். மியோ சாப்பிடுகிறாளா? அவளுக்கு நிறப் பென்சில் பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. அங்கே வந்தாரா? வந்தால் என்ன பேசினார் என்று எழுது. அத்தானிடம் மரத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல். காரணம் கேட்காதே.

தெய்ஜி


அசாஹிகாவா
ஏப்ரல் 16

தெய்ஜிக்கு,

சாலையோரப் பனி கறுத்துவிட்டது. நலமா?

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். சரியில்லை என்றால் அங்கேயே சரிசெய்துகொண்டு எடுங்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். நான் சரிசெய்தேன். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ரம்பத்தைப் பிடித்தபோது அந்த வரி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஊஞ்சலை முதலில் அவிழ்த்திருக்கலாம். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை ஃபுசாயோ வீட்டுக்குப் போகிறேன்.

அப்பா


மேட்டுப் பண்ணை
மே 3

தெய்ஜி,

நலமா? மியோ பென்சில் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். நாங்கள் நலம்.

மரத்தைச் சாய்த்தாகிவிட்டது. சாய்ந்தபோது இசாமு அழுதார். நேற்றுத்தான் அடுக்கி முடித்தோம்.

காரணம் கேட்காதே என்றாய், கேட்கவில்லை; அத்தானிடம் சொல்லச் சொன்னதைச் சொல்லவும் இல்லை. காரணம் எனக்கு முன்பே தெரியும். அன்று காலை அப்பா கஞ்சி குடிக்கும்போதே அவர் கால்சட்டை மடிப்பில் மரத்தூள் இருந்தது. அவர் குளிக்கப் போனபோது அதை உதறி அடுப்பில் போட்டவள் நான்தான்.

அவர் வந்தார், போன மாதம் ஒரு சனிக்கிழமை. நல்ல சாக்கே மதுப் புட்டி ஒன்றும் கையிலிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் முட்டி போட்டு நேராக உட்கார்ந்து, முகமெல்லாம் வெளிறி, "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"அப்பா, சூப் ஆறுது" என்றேன் நான்.

"இல்லம்மா, அந்தக் கிளை விஷயமா..."

"கிளை கதை போதும்ப்பா. மியோ இருக்கா. குடிங்க முதல்ல."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. குடித்தார். இசாமு புட்டியைத் திறந்தார். பேச்சு விதைக்கிழங்குக்குப் போய்விட்டது.

திட்டப்போகிறாய் என்று தெரியும். திட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மரத்துக்கு வேலைக்காரியாக இருந்தேன் நான். விடியுமுன் கார்க் கதவுச் சத்தம். துணி காயப்போட்டால், "அக்கா, கலர் துணி வேணாமே" என்று வாசலில் வந்து கேட்பார்கள். அப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் இசாமு அவரை மன்னித்திருப்பார், மரமும் தப்பித்திருக்கும், பஸ்ஸும் வந்துகொண்டே இருந்திருக்கும். அப்பா அறுத்தது ஒரு கிளை. மிச்சத்தை நான் சாய்க்கவைத்தேன்.

இனிமேல் உழவு நேராகப் போகும். நீ சரியாகச் சாப்பிடு.

ஃபுசாயோ


கவாசாகி
மே 14

அக்கா,

நலம்.

உன்மேல் கோபம் இல்லை, அருவருப்புதான். அப்பாவாவது பிடித்த ஒன்றுக்காக அறுத்தார். இவ்வளவு பெரிய பண்ணையில் உண்மை தெரியாமல் மரத்தைச் சாய்த்துவிட்டு அழுதவர் அத்தான் ஒருவர்தான். தினம் அவருக்குச் சோறு போடுகிறாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். மரம் போன செய்தி மன்றங்களுக்கெல்லாம் பரவிவிட்டது. பழைய சுருள்களையெல்லாம் தேடி எடுத்து, "இனி கிடைக்காத படம்" என்று எழுதிப் பெரிதாக்க அனுப்புகிறார்கள். இந்த வாரம் முழுக்க அந்த மரத்தைத்தான் பிரிண்ட் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் மருந்து நாற்றம் போகவில்லை.

மியோவை விசாரித்ததாகச் சொல்.

தெய்ஜி


மேட்டுப் பண்ணை
ஜூன் 6

தெய்ஜி,

நலம்தானே? குயில் கூவ ஆரம்பித்துவிட்டது, கிழங்கும் முளைத்துவிட்டது.

பஸ் மறுபடியும் வந்தது.

நான் சொல்வதை நீ நம்பமாட்டாய். அடிக்கட்டையைப் படம் எடுக்க வந்திருந்தார்கள். விடிகாலை மூடுபனியில், வெட்டுப்பட்ட வட்டத்தைச் சுற்றி முக்காலிகள். "இழப்பு" என்று தலைப்பு வைக்கப் போகிறார்களாம். ஹினாதா எல்லோரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அப்பாவும் அங்கே நின்றார். முக்காலியை விரிக்கவில்லை, தோளிலேயே இருந்தது.

நான் விளக்குமாற்றோடு போவதற்குள் மியோ போய்விட்டாள். ராத்திரி உடுப்போடு, கையில் வேகவைத்த உருளைக்கிழங்கோடு, நேராகப் போய் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா, கொஞ்சம் நகரும்மா. மாமாங்க படம் எடுக்கணும்."

"மாட்டேன்."

"சாக்லேட் தர்றேன்."

"கிழங்கு இருக்கு."

"யாருப்பா இந்தப் பிள்ளை? பெத்தவங்க இல்லையா?" என்றார் ஹினாதா.

"என் பேத்தி" என்றார் அப்பா.

மியோ அவரைப் பார்த்து, "தாத்தா, என் ஊஞ்சல அறுத்தவன் இதுல யாரு?" என்று கேட்டாள். வாய் நிறையக் கிழங்கு. இசாமு அதற்குள் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

அப்பா காலைச் சேர்த்து நின்றார். கையை நீட்டினார். அப்படியே மடக்கி விரலைத் தன் நெஞ்சில் வைத்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில், "கிளை அறுத்தது, நான்! சரி!" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவனுடைய ஷட்டர் மட்டும் க்ளிக் என்றது.

இசாமு அப்பாவைத் தாண்டிப் போய் டிராக்டரைக் கிளப்பினார். பஸ் போன பிறகு, கொட்டகையில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபுசாயோ


கவாசாகி
ஜூன் 16

அப்பாவுக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. லேப் சுவரெல்லாம் ஈரம், பிரிண்ட் காய நாளாகிறது.

உங்கள் சுருள் வந்தது. ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கிறீர்கள். மிச்சத்தை எதையும் அழுத்தித் தீர்க்காமல் வெறுமையாகவே அனுப்பியிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து இப்படி ஒரு சுருள் வருவது இதுதான் முதல் தடவை.

அக்கா எல்லாவற்றையும் எழுதினாள். அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அத்தானின் முகம் வருகிறது. நீங்கள் எப்போதாவது அங்கே போனால் அவர் கதவைத் திறக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள். திறக்காவிட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

ஒன்பது படங்கள் தயார். ஓஸே படம் நன்றாக வந்திருக்கிறது. அம்மா நின்ற பக்கம் பலகையில் அவள் நிழல் விழுந்திருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நடுச்சுவருக்கு மரம் கேட்டிருந்தீர்கள். அதை நான் போடப்போவதில்லை. புதுச் சுருளில் இருப்பதைத்தான் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் சுவர் காலியாகவே இருக்கட்டும்.

படத்தில் குறைகள் உண்டு. முக்காலி இல்லாமல் கையில் வைத்து எடுத்திருக்கிறீர்கள், ஆட்டம் தெரிகிறது. அடிவானம் சாய்ந்திருக்கிறது. மியோ அடிக்கட்டையின் இடது ஓரத்தில் வாய் நிறையக் கிழங்கோடு உங்களை முறைக்கிறாள், உதட்டோரம் எச்சில். அவள் பின்னால் மறுபாதி முழுக்க வெறும் வானம். இடப்பக்கம் ரொம்பக் கனமாக இருக்கிறது.

அப்படியே விட்டுவிட்டேன்.

தெய்ஜி